எந்த விதி?

தீ விபத்து நடந்த மறுநாள் ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். "விதியின் கொடுமை", "காலனின் கோரப்பசி", "அக்கினியின் ஆவேசம்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு இருக்கும். மாண்டவன் வீட்டில் மாரடித்துக் கதறும் தாயிடம் ஊர்ப் பெரியவர் சொல்வார்: "விதி அம்மா, விதி! யார் என்ன செய்ய முடியும்?" கடை முதலாளியும் கையில் மாலையோடு வந்து அதையே சொல்வார். அவருக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். கணக்கு முடிந்தது அல்லவா!

நாமும் சொல்கிறோம், விதிதான் என்று! ஆனால் தலையிலே எழுதியதாகச் சொல்லப்படும் விதியை அல்ல. தாளிலே எழுதி, அச்சடித்து, அரசு முத்திரை குத்தி வைத்திருக்கும் கட்டட விதியைச் சொல்கிறோம். பிரமன் எழுதிய எழுத்தைப் படித்தவன் ஒருவனும் இல்லை. இந்த எழுத்தை யாரும் படிக்கலாம். இத்தனை மாடிக்கு இத்தனை படிக்கட்டு, இத்தனை பேருக்கு இவ்வளவு அகலக் கதவு என்று எண் போட்டே எழுதியிருக்கிறது. அதற்குட்பட்டுக் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டவர் இருக்கிறார். கட்டிவிட்டதாகச் சான்று தந்தவர் இருக்கிறார். ஆள் ஆளாகப் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய விதி இது.

இந்த விதி எப்படி வந்தது? ஆணி அடித்த நாற்காலியில் அமர்ந்து அறிஞர் பெருமக்கள் ஆற அமர எழுதியதாக எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! தையல் வேலைக்குப் போன ஏழைப் பெண்களின் சாம்பலிலிருந்து வந்தது அது.

1911ஆம் ஆண்டு மார்ச்சு 25, சனிக்கிழமை. நியூயார்க் நகரம். வாஷிங்டன் பிளேசும் கிரீன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஆஷ் கட்டடம் என்று ஒரு பத்து மாடி. அதன் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகளில் டிரையாங்கிள் கம்பெனி. பெண்கள் அணியும் மேற்சட்டை தைக்கும் தொழிற்சாலை. ஏறத்தாழ ஐந்நூறு பேர் வேலை. பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் பெண்கள். பதினாறு, பதினெட்டு, இருபது வயது. பதினான்கு வயதுச் சிறுமியும் உண்டு.

மாலை நாலே முக்காலுக்குச் சற்று முன்பு. வேலை முடியும் நேரம். எட்டாம் மாடியில், துணி வெட்டும் மேசைக்கு அடியில் இருந்த கழிவுத் துணிப் பெட்டியில் தீப்பற்றியது. வாரக்கணக்காக அள்ளாமல் கிடந்த துண்டுத் துணி. மேலே கயிற்றில் தொங்கும் காகித அச்சுகள். எண்ணெய் ஊறிய தரை. பஞ்சுக்குள் பொறி விழுந்தால் கேட்கவா வேண்டும்?

எட்டாம் மாடியில் இருந்தவர்கள் பத்தாம் மாடிக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார்கள். பத்தாம் மாடியில்தான் முதலாளிகள் மாக்ஸ் பிளாங்கும் ஐசக் ஹாரிசும் இருந்தார்கள். அவர்கள் மொட்டை மாடி ஏறி, பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவித் தப்பினார்கள். அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் ஏணி போட்டுத் தூக்கிவிட்டார்கள். கீழே எட்டாம் மாடிக்குத் தீ தெரியும்; மேலே பத்தாம் மாடிக்குச் செய்தி தெரியும். நடுவே ஒன்பதாம் மாடி? அங்கே எச்சரிக்கை மணி இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. தீயே நேரில் வந்து சொல்லிற்று!

ஒன்பதாம் மாடியிலிருந்து இறங்க இரண்டு படிக்கட்டுகள். கிரீன் தெருப் பக்கத்துப் படிக்கட்டைச் சற்று நேரத்தில் நெருப்பு மறித்துக்கொண்டது. வாஷிங்டன் பிளேசுப் பக்கத்துக் கதவை நோக்கிப் பெண்கள் ஓடினார்கள். தட்டினார்கள். முட்டினார்கள். மோதினார்கள். கதவு திறக்கவில்லை. பூட்டியிருந்தது!

ஏன் பூட்டினார்கள்? ஒரு துண்டு ரிப்பனையோ ஒரு சட்டையையோ யாரேனும் மறைத்து எடுத்துப் போய்விடக் கூடாதாம். ஆகவே மாலையில் எல்லோரும் ஒரே வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே நின்று ஒவ்வொரு பெண்ணின் கைப்பையையும் திறந்து சோதிக்க வேண்டும். மற்ற வழிக்குப் பூட்டு. எத்தனை டாலர் சரக்கு அந்தப் பூட்டால் காப்பாற்றப்பட்டது என்ற கணக்கை வழக்கு மன்றத்தில் கேட்டார்கள். முதலாளியே சொன்ன தொகை அற்பத்திலும் அற்பம்.

வெளிப்புறத்தில் ஓர் இரும்பு ஏணிப்படி இருந்தது. ஏறியவர்களின் பாரம் தாங்காமல் அது பிய்த்துக்கொண்டு விழுந்தது; நின்றவர்களும் விழுந்தார்கள். மின்தூக்கி ஓட்டிய இளைஞர்கள், சோசப் சீட்டோ, காஸ்பர் மோர்ட்டிலாரோ என்பவர்கள், புகைக்குள்ளே மறுபடி மறுபடி தூக்கியை மேலே கொண்டுபோய் முடிந்த மட்டும் ஆட்களை இறக்கினார்கள். அவர்களும் கூலிக்காரர்கள்தாம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. எட்டாத ஏணியைப் பார்த்தபடி, எரியும் அறையைத் திரும்பிப் பார்த்தபடி, பெண்கள் சன்னல் விளிம்பில் நின்றார்கள். பிறகு குதித்தார்கள். கைகோத்துக் கொண்டும் குதித்தார்கள். கீழே விரித்துப் பிடித்த வலை கிழிந்தது.

அரை மணி நேரத்துக்குள் தீ அடங்கிவிட்டது. மாண்டவர் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள். கடைசி ஆறு பேரின் பெயர் தெரிவதற்கே நூறு ஆண்டுகள் ஆயின, தோழர்களே! 2011இல்தான் அந்தப் பட்டியல் முழுமையாயிற்று.

கட்டடம் என்னவாயிற்று என்கிறீர்களா? அதற்கு ஒன்றும் ஆகவில்லை! தீயைத் தாங்கும் கட்டடம் என்று பெருமை பேசிக் கட்டியது அது, பெருமை பொய்யில்லை. சுவர் நின்றது, தூண் நின்றது. இன்றும் நிற்கிறது, நியூயார்க் பல்கலைக் கழகத்தார் அதில் வகுப்பு நடத்துகிறார்கள். கல்லைக் காப்பாற்றும் கலையில் அவர்கள் தேர்ந்திருந்தார்கள். கன்னியரைக் காப்பாற்றும் எண்ணந்தான் இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். 150 அடிக்கு மேல் உயர்ந்தால் மரத்தரை கூடாது, மரச் சன்னல் கூடாது என்று அன்றைய நகர விதி சொன்னது. ஆஷ் கட்டடம் 135 அடி! விதிக்குக் கீழே பதினைந்து அடி குனிந்து நின்றது. அவ்வளவு பரப்புள்ள மாடிக்கு மூன்று படிக்கட்டு வேண்டும் என்றார்கள். இரண்டுதான் இருந்தது. "வெளியே இருக்கும் இரும்பு ஏணியை மூன்றாவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் கட்டடக் கலைஞர். வைத்துக்கொண்டார்கள்! பிய்த்துக்கொண்டு விழுந்ததே, அந்த ஏணியைத்தான். தண்ணீர் தெளிக்கும் குழாய் முறை அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் ஆலைகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் வைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இந்தக் கட்டடத்துக்குச் சொல்லவில்லை. சட்டம் சொல்லாததை முதலாளி செய்வாரா?

வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது மட்டும் போதாது. அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும் என்றாயிற்று. 1911 டிசம்பரில் இருவரும் விடுதலை! 1914இல் உரிமை வழக்கில் உயிர் ஒன்றுக்கு 75 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். இன்சூரன்சுக் கம்பெனியிடமோ, நேர்ந்த இழப்புக்கும் மேலாகவே பெற்றிருந்தார்கள். நடுவே, 1913இல், பிளாங் என்பவர் மறுபடி பிடிபட்டார். என்ன குற்றம்? வேறொரு தொழிற்சாலையில், வேலை நேரத்தில், கதவைப் பூட்டி வைத்த குற்றம்! அபராதம் 20 டாலர்.

சரி, சட்டம் எப்படித் திருந்தியது? முதலாளியின் மனம் இளகியா? இல்லை. 1909இல் இதே தையற் பெண்கள் ஆயிரமாயிரமாக வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். கூலி கேட்டார்கள், சங்க உரிமை கேட்டார்கள், வேலையிடத்தில் பாதுகாப்பும் கேட்டார்கள். டிரையாங்கிள் கம்பெனி சங்கத்தை ஏற்க மாட்டோம் என்று அடம்பிடித்தது. அடிவாங்கி, சிறைக்குப் போய் வந்த அந்தச் சங்கம்தான் 1911 ஏப்ரல் 5ஆம் நாள், கொட்டும் மழையில், ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தெருவில் நடக்கவைத்தது. அந்த நடைதான் சட்டமன்றத்தின் கதவைத் தட்டியது. ராபர்ட் வாக்னர் தலைவராகவும் ஆல் சுமித் துணைத் தலைவராகவும் விசாரணைக் குழு அமைந்தது. தீயைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி அந்தக் குழுவின் பணியில் முன்னின்றார். பின்னாளில், 1933இல், அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலாளராகவே ஆனார். குழுவினர் தொழிற்சாலைக்குள் நேரே நுழைந்து பார்த்தார்கள். சில ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. கதவைப் பூட்டக் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உயர்ந்த ஆலைகளில் நீர்தெளிப்பான் வேண்டும். தீப்பயிற்சி நடத்த வேண்டும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமும் 1913இல் உயிர்க்காப்புக்கென்று தனிக் குழு வைத்தது. 1927இல் வெளியேறும் வழிகளுக்கென்றே ஒரு விதித் தொகுப்பு வெளியிட்டது. உலகெங்கும் பின்னர் எழுந்த விதிகளில் அதன் சாயல் உண்டு, நம் நாட்டு விதியிலும்.

விதியில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. தீயைவிடப் புகைதான் முதலில் கொல்கிறது. மூடாத படிக்கட்டு, புகைக்குப் புகைபோக்கி ஆகிவிடும். தரைத்தளத்தில் பற்றினால் ஏழாம் மாடியில் மூச்சு முட்டும். ஆகவேதான் படிக்கட்டைச் சுவரெழுப்பித் தனியே அடைத்து, தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு வைக்கச் சொல்கிறார்கள். நம் கடைகளில் அந்தக் கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்திருப்பதையும், படிக்கட்டு முழுதும் அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். சரக்குக்கு இடம் வேண்டுமாம்! கூரையில் தொங்கும் நீர்தெளிப்பானைப் பற்றியும் ஒரு கட்டுக்கதை உண்டு. சினிமாவில் காட்டுவதுபோல ஒரு மூலையில் புகைந்தால் கடை முழுதும் மழை கொட்டி, பட்டுப் புடவை எல்லாம் பாழாகும் என்று முதலாளிகள் பயப்படுகிறார்கள். அப்படி அல்ல. ஒவ்வொன்றின் முனையிலும் நீர்மம் அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. வழக்கமாக 68 பாகை வெப்பத்தில் அது உடையும். எங்கே சூடோ அங்கேதான் உடையும். அங்கேதான் தண்ணீர் பாயும். ஆனால் தொட்டியில் தண்ணீரும், ஓடும் நிலையில் பம்பும் இருந்தால்தானே பாயும்?

கதவின் குறுக்கே இடுப்பளவில் ஒரு நீளத் தண்டு இருக்குமே, உடம்பு பட்டாலே திறந்துகொள்ளும் தண்டு, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1883இல் இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரத்து விக்டோரியா மண்டபத்தில் வேடிக்கை பார்க்கப் போன குழந்தைகள், பரிசு வாங்க ஒரே கதவுக்கு ஓடி, தாழிட்டிருந்த அந்தக் கதவருகே நெரிந்து 183 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் அத்தகைய தண்டு கண்டுபிடிக்கப்பட்டது.

இவ்வளவும் பழங்கதை, அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியுமானால் நமக்கும் மகிழ்ச்சிதான். முடியவில்லையே! 1997 சூன் 13, டில்லி உப்கார் திரையரங்கு: புகையில் மூச்சு முட்டி 59 பேர் மாண்டார்கள். மேல்மாடியில் வலப்பக்கத்து வழி அடைபட்டிருந்தது. எதனால்? அங்கே எட்டு நாற்காலி போட்டு உரிமையாளர் குடும்பத்துக்கென்று தனிப் பெட்டி கட்டியிருந்தார்கள்! 2022 மே 13, டில்லி முண்டுகா: வணிகக் கட்டடம், 27 பேர் பலி, ஏற இறங்க ஒரே படிக்கட்டு. 2012 செப்டம்பர் 11, கராச்சி அலி என்டர்பிரைசஸ் துணி ஆலை: 250 பேருக்கு மேல். பணம் பறிக்கும் கூட்டம் தீ வைத்தது என்று வழக்கு நடந்து 2020இல் இருவருக்குத் தூக்கும் விதிக்கப்பட்டது. தீ வைத்தவனுக்குத் தூக்கு நியாயமோ இல்லையோ, சன்னலுக்குக் கம்பி அடித்து, வழியைப் பூட்டி வைத்தது யார்? அந்த ஆலைக்கு, தீப்பிடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அனைத்துலகத் தரச்சான்று வழங்கியிருந்தார்கள். காகிதம் கதவு திறக்காது, தோழர்களே!

நம் சென்னைக்கு வருவோம். 2017 மே 31, விடியற்காலை. தியாகராய நகர் தெற்கு உசுமான் சாலையில் ஒரு மாபெரும் துணிக்கடையில் தீப்பற்றியது. ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கண்ணாடியும் தகடும் போர்த்தி மூடிய கட்டடம்; புகை போக வழியில்லாமல் சுவரையே இடித்துத் துளைக்க வேண்டியதாயிற்று. கட்டடத்தின் ஒரு பகுதி பொலபொலவென்று சரிந்தது. மேல்மாடியில் தங்கியிருந்த ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கிக் காப்பாற்றினார்கள். தீப்பிடித்தது விடியற்காலையில். ஆடித் தள்ளுபடி நாளின் மாலை ஆறு மணியாக இருந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. அனுமதித்த அளவுக்கு மேல் மாடி எழும்பிய கட்டடம் அது என்பது எரிந்த பிறகு எல்லோர் வாயிலும் வந்தது. எரிவதற்கு முன் அந்த மாடிகள் யார் கண்ணிலும் படவில்லையா? ஏழு மாடியை முந்தானையில் மறைக்க முடியாதே!

இந்த முதலாளிமார்களுக்கு விதியே தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. வாஸ்துக்காரர் வந்து, "வாசல் இப்படி இருக்கக் கூடாது, படிக்கட்டு அந்தப் பக்கம் போகட்டும்" என்றால், இலட்சக்கணக்கில் செலவழித்து இடித்துத் திருப்புகிறார்கள். தீயணைப்பு அதிகாரி வந்து, "பின் கதவைத் திறந்து வையுங்கள்" என்றால் மட்டும், "பார்க்கலாம் சார், காப்பி சாப்பிடுங்கள்" என்கிறார்கள். அக்கினி மூலை எது என்று அளந்து பார்ப்பவர், அக்கினி வந்தால் ஓடும் வழி எது என்று அளந்து பார்க்கவில்லை. பகுத்தறிவு பேசினால் நம்மைப் பார்த்து நகைப்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

எதற்கெடுத்தாலும் டில்லியைச் சாடுகிறோம் நாம். பெரும்பாலும் சாட வேண்டியும் இருக்கிறது. இந்த ஒன்றில் சாட வழியில்லை. தேசியக் கட்டட விதித் தொகுப்பு 1970இல் முதலில் வந்தது. 2016இல் திருத்தி வெளியிட்டார்கள். அதன் நான்காம் பகுதி முழுதும் தீயும் உயிர்க்காப்பும்தான். ஆனால் அது அறிவுரை நூல். அதற்குப் பல் முளைக்க வேண்டுமானால் மாநிலம்தான் சட்டம் செய்ய வேண்டும். நம்மிடம் 1985ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டம் இருக்கிறது. 2019இல் வந்த கட்டட விதிகள் இருக்கின்றன. அதிகாரம் இங்கே, கோட்டையில், மாநகராட்சியில். மாநில சுயாட்சி கேட்கும் நாம், கையில் இருக்கும் ஆட்சியைக் காட்டிவிட்டுக் கேட்பதுதானே வலிமை?

அதே கோட்டையில்தான், விதியை மீறிக் கட்டியதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்காக்கும் ஏற்பாடும் 1998இல் சட்டப் புத்தகத்தில் ஏறி, பிறகு பல தடவை நீண்டது. எந்த ஆட்சியை மட்டும் குறைசொல்வது? ஆண்டவர்கள் எல்லோரும் அதில் ஒரு கை வைத்திருக்கிறார்கள். ஏழை ஒருவன் ஓலைக் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வாரம் இறக்கியதை மன்னிக்கட்டும், நாமே பரிந்து பேசுகிறோம். ஆயிரம் பேர் நுழையும் கடையில் படிக்கட்டு ஒன்று குறைந்ததை எந்தக் கட்டணம் ஈடு செய்யும்? பணம் கட்டினால் புகை விலகி நிற்குமா? 2004 சூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகுதான் பள்ளிக்கூடத்து ஓலைக் கூரைகளை அகற்றச் சொல்லும் ஆணை பறந்தது. முன்னரே பறந்திருக்கக் கூடாதா?

2021இல் நம் சட்டமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுதும் கால்கடுக்க நிற்கும் ஊழியர்க்கு உட்கார நாற்காலி தந்தாக வேண்டும் என்று கடைகள் சட்டத்தைத் திருத்தியது. உட்கார உரிமை தந்த மன்றம், ஓட உரிமையும் தரலாம். வாடிக்கையாளர் ஒன்பது மணிக்குப் போய்விடுகிறார். தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் பல கடைகளில் மேல்மாடியில் பாய் விரிக்கிறார்கள். கீழே ஷட்டர் இறங்குகிறது. பூட்டு விழுகிறது. சாவி வீட்டுக்குப் போய்விடுகிறது. டிரையாங்கிளில் கதவைப் பூட்டியது பகலில், இங்கே இரவில். அவ்வளவுதான் வேறுபாடு!

ஆள் தங்குமிடத்தைச் சரக்குக் கிடங்கின் மேல் வைக்கக் கூடாது. தங்கியிருக்கும்போது வெளியிலிருந்து பூட்டுவது தனிக் குற்றமாக வேண்டும். அதற்கு அபராதம் அல்ல, சிறை வேண்டும். தீயணைப்புச் சான்றை, இன்ன தேதியில் இன்னார் வந்து பார்த்தார், வழி இத்தனை, படிக்கட்டு இத்தனை என்று எழுதி, கடை வாசலில், விலைப் பட்டியல் தொங்கும் உயரத்தில் மாட்ட வேண்டும். சோதனைக்கு வரும் அதிகாரியோடு தொழிலாளர் தரப்பில் ஒருவர் கூடவே நடந்து பார்க்க வேண்டும். சங்கங்கள் இதைக் கூலிக் கோரிக்கையோடு சேர்த்தே எழுதிக் கொடுக்கட்டும்.

சட்டம் வருகிற வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்றும் இருக்கிறது. கடையிலோ, கிடங்கிலோ, திரையரங்கிலோ வேலை பார்க்கும் தோழர்கள் நாளைக் காலை உள்ளே போனதும், வழக்கமாக வரும் வழியை விட்டுவிட்டு, மற்றொரு வழியைத் தேடிப் பாருங்கள். அந்தக் கதவு வரை நடந்து போங்கள். பெட்டி தடுக்கினால் எத்தனை பெட்டி என்று எண்ணுங்கள். கதவைத் தள்ளுங்கள். திறக்காவிட்டால், சாவி யாரிடம் இருக்கிறது, இரவில் யாரிடம் போகிறது என்று கேளுங்கள். கடைப் பெயர், மாடி, கதவு எந்தப் பக்கம் என்பதை ஒரு தாளில் எழுதி உங்கள் வட்டச் செயலாளரிடம் கொடுங்கள். தாள்கள் சேரட்டும், தீயணைப்பு நிலையத்துக்கும் மாநகராட்சி மன்றத்துக்கும் அவற்றை எடுத்துக்கொண்டு போவோம்.